தேங்காப்பட்டணம் வரை நீண்ட குழாய்

கோட்டாறில் ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடியே முஹம்மது ஷரீஃப் சைக்கிள் மிதித்துத் தேங்காப்பட்டணம் போனார். கையில் குத்தியிருந்த இரண்டு ரத்தக்குழாய்களும் அறுந்துபோகாமல் தக்கலை, கருங்கல் வழியாக அவர் பின்னாலேயே நீண்டு போயின.

ரத்தம் சுத்தமாகிற நேரமெல்லாம் சும்மா கிடந்தால் கால் சூம்பிப்போகும் என்று, கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெடலும் கண்ணுக்கு ஒரு பெரிய கண்ணாடியும் அங்கே கொடுப்பார்கள் மக்களே. கண்ணாடிக்குள் பாதை ஓடும், பார்த்துக்கொண்டே மிதிக்கவேண்டும். மற்றவர்களுக்கெல்லாம் வெளிநாட்டுப் பனிமலை தெரிந்தது. ஷரீஃபுக்கு மட்டும் தக்கலை ரோடு தெரிந்தது. தக்கலைக்காரர்களுக்கும் அவர் தெரிந்தார். ஆனால் அந்தக் கண்ணாடி காலுக்காகச் செய்தது. அந்தப் பாதையில் போகிற ஆளுக்குக் கை கிடையாது. சட்டைக்கை இரண்டும் வெறுமனே காற்றில் ஆட, இடது சட்டைக்கைக்குள்ளிருந்து குழாய்கள் வந்தன. பஸ் வந்தால் டீக்கடை சுயம்புலிங்கம் குடைக்கம்பால் குழாயைத் தூக்கிப் பிடிப்பார். “பாத்துப் போலே, அது ஷரீஃபுக்க ரத்தமாக்கும்” என்று டிரைவரிடம் சொல்லுவார். ஒரு மாதத்தில் எல்லாருக்கும் அது பழகிப்போனது.

அவருடைய உம்மா தேங்காப்பட்டணத்தில் மௌத்தானது ஒரு டயாலிசிஸ் நாள் விடியற்காலையில். மய்யித்தை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அன்றைக்கே அடக்கம். ஷரீஃபும் ஒரு தவணையைத் தள்ள முடியாது. முன்பு ஒரு கல்யாணத்துக்காகத் தள்ளி, நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டியவர். மனைவி ஹலீமா பீவி அழுதுகொண்டே அவரை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிவந்தாள்.

“கண்ணாடியப் போடு மக்கா” என்றார் நர்ஸ் பெமிலாவிடம்.

“பைய மிதிக்கணும் காக்கா. பிரஷர் எறங்கிரும்.”

அவர் பைய மிதிக்கவில்லை.

கபர்குழியில் உம்மாவை இறக்கிவிட்டு ஜனங்கள் காத்து நின்றார்கள். மூத்த மகன் மூன்று பிடி மண் போட்ட பிறகே மற்றவர்கள் போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். ஷரீஃப் இறங்கி வந்து குழியோரம் நின்று குனிந்தார். அப்போதுதான் தனக்குக் கை இல்லை என்பது ஞாபகம் வந்தது.

தம்பி ஜாஸிம் கிட்டே வந்தான். “காக்கா, ஒங்களுக்குள்ளத நான் போடட்டா?”

“நீ ஒனக்குள்ளதப் போடு மக்கா. எனக்குள்ளது கெடக்கட்டு.”

காலால் தள்ளியிருக்கலாம். வலது காலை மண்குவியல் வரைக்கும் கொண்டுபோனார். பெற்றவள் மேல் காலால் மண் தள்ளுவதா என்று இழுத்துக்கொண்டார். இங்கே கட்டிலில் அவருடைய வலது கை விரிவதும் மூடுவதுமாக இருந்ததை ஹலீமா பீவி பார்த்தாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே வியர்வைதான் இருந்தது. மெஷின் மணியடித்தது. பெமிலா கண்ணாடியைக் கழற்றியதும் அங்கே அவர் நின்ற இடம் காலியானது. குழாய்கள் வந்த வழியே சுருண்டு திரும்பின. நேரம் போய்க்கொண்டிருந்ததால் ஜனங்கள் கபரை மூடிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் ஷரீஃப் காரில், கையோடும் காலோடும் போனார். கபரின் தலைமாட்டில் மூன்று பிடி அளவுக்கு மண் குறைந்து கிடந்தது. போட்டார், இறங்கிப்போனது. மறுபடியும் போட்டார். ஜாஸிம் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினான். செம்மண்ணும் நிற்கவில்லை, கடற்கரை மணலும் நிற்கவில்லை. பொழுது சாய்ந்ததும் தம்பி அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கூட்டிவந்தான்.

இப்போது வருஷங்கள் ஆகிவிட்டன. அந்தப் பள்ளம் அப்படியே கிடக்கிறது. அடைமழையிலும் அதில் தண்ணீர் தேங்குவதில்லை. பக்கத்தில் புதுக்குழி தோண்டுகிறவர்கள் அதற்கும் ஒரு சாண் இடம் விட்டுத்தான் தோண்டுகிறார்கள்.