கட்டுக்கம்பியில் தொங்கிய கரடி

பியாசென்ஸா நகரத்து அல்பேனியர்களில் மூடநம்பிக்கை துளியும் இல்லாத ஒரே மனிதன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. பால்கனி பால்கனியாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எங்கள் பால்கனியில் ஒரு பஞ்சுக் கரடி தொங்கும். கழுத்தில் கட்டுக்கம்பி. ஒரு காதை மழை தின்றுவிட்டது. மூன்று வயதில் நான் கட்டிப்பிடித்துத் தூங்கிய கரடிதான். எனக்கு நான்கு வயதானபோது அது தூக்கிலிடப்பட்டது. அந்த வருடம் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். வீடு புதிது என்றால் பொறாமைக் கண் முதலில் பொம்மைமேல் விழ வேண்டும், சுவர்மேல் விழக்கூடாது. எங்கள் ஆட்களின் கட்டடப் பொறியியல் அவ்வளவுதான். நான் கல்லூரியில் படிக்கும் பொறியியலில் இந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

அப்பா பெட்ரிட் பூச்சுவேலைக்காரர். இந்த ஊரில் பாதிச் சுவர்கள் அவர் கைபட்டவை. ஆனாலும் இத்தாலிய மொழித் தேர்வில் போன முறை தோற்றுவிட்டார். வாய்மொழித் தேர்வு எடுத்த அம்மாள், "கேள்வி புரிந்ததா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா தலையை இடமும் வலமுமாக ஆட்டியிருக்கிறார். எங்களுக்கு அது 'ஆமாம்'. இத்தாலிக்காரர்களுக்கு 'இல்லை'. அவர் மூன்று முறை கேட்க, அப்பா மூன்று முறையும் உற்சாகமாக ஆட்டிவிட்டு வந்தார்.

அந்தத் தேர்வுச் சான்று இல்லாமல் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. டெட்ராய்ட்டில் ஹெகுரான் பெரியப்பா பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். இனி விமானம் ஏற மாட்டார். அப்பாவின் அல்பேனியக் கடவுச்சீட்டைப் பார்த்து இரண்டு முறை அமெரிக்க விசாவை மறுத்துவிட்டார்கள். இத்தாலியக் கடவுச்சீட்டு இருந்தால் விசா தேவையில்லை. சின்ன வயதில் கப்பல் நெரிசலில், ஒருவர் பெல்ட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு கடல் கடந்தவர்கள் இருவரும். இப்போது தொலைபேசியில் பெரியப்பாவுக்கு வார்த்தை வருவதில்லை. மூச்சு மட்டும் வருகிறது. அப்பா அதைக் கால் மணி நேரம் கேட்டுவிட்டு, "சரிண்ணா" என்று வைத்துவிடுவார்.

இன்று காலை மறுதேர்வு. அம்மா கரடியை அவிழ்த்து அப்பாவின் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? அப்பா பரீட்சைக்குப் போறாரா, பால்வாடிக்குப் போறாரா?"

"உன் வாயை மூடு ரெடோன். எதிர்வீட்டு புரூனா நேத்து என்ன சொன்னா தெரியுமா? 'உங்க வீட்டுக்காரர் இப்ப எவ்வளவு நல்லா இத்தாலி பேசுறார்!' வெறுமனே சொல்லிட்டுப் போயிட்டா, கண்ணு படாம இருக்க ஒரு மாஷல்லா கிடையாது. ஏங்க, நீங்க அங்க போய் இத எங்கயாவது மாட்டுங்க. மூஞ்சி தெருவப் பாக்கணும்."

"கரடிக்கும் சேத்து வினாத்தாள் குடுப்பாங்களா?"

அப்பா காப்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ குடியுரிமைக்கு என்ன பரீட்சை எழுதின?"

"நான் இங்கயே பொறந்தவன்பா."

"அந்தப் பரீட்சைய எழுதினது உங்கம்மா."

"பதினாறு மணி நேரம்," என்றாள் அம்மா.

வழியில் பையிலிருந்து கரடியை உருவி என் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அறிவின் சார்பாகச் செய்தேன். அப்பா கவனிக்கவில்லை. "இல்லைன்னா எப்படி, ஆமான்னா எப்படி" என்று தலையை ஆட்டிப் பழகியபடியே நடந்தார். போ நதியிலிருந்து எழுந்த மூடுபனி தெருவைக் கரைத்துவிட்டிருந்தது. விளக்குகள் கம்பமில்லாமல் மிதந்தன. எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்குச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று தேர்வு நடக்கும் பள்ளிக்கூடம் வந்தது, நங்கூரமிட்ட பெரிய வெள்ளைக் கப்பலாக.

அப்பா சுவரைத் தடவினார். "இது நான் பூசினது. அப்ப ஒரு பொம்மை மாட்டினேன், மேஸ்திரி கழட்டி எறிஞ்சான்."

"சுவர் விழுந்துச்சா?"

"இல்ல."

"பாத்தீங்களா!"

"மறுநாள் வேற ஒண்ணு மாட்டிட்டேன்ல."

படியில் நின்று பையைத் துழாவினார். கரடி இல்லை. என்னிடம் கேட்கவில்லை. முகம் மட்டும் ஒரு கணம் சின்னதானது. பிறகு கதவுக்குள், பின்னால் பெல்ட்டைப் பிடிக்க யாருமில்லாமல், போய்விட்டார்.

நான் வெளியே நின்றேன். பனி என் கால்களை எடுத்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே நான் இல்லை. தரைத்தள ஜன்னல் ஒன்று மஞ்சளாக, மீன்தொட்டி போல எரிந்தது. உள்ளே அப்பா. எதிரில், அப்பா சொன்ன அடையாளப்படி, அதே அம்மாள். அவர் வாய் அசைந்தது. அப்பா இரண்டு கைகளாலும் தன் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார், தலை தன்னிஷ்டத்துக்கு ஆடிவிடாமல். சுண்ணாம்பில் வெடித்த அந்த விரல்கள் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார்.

அந்த அம்மாள் புன்னகைத்தார். அது பாராட்டாக இருக்கலாம். மாஷல்லா சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

தெருவில் யாரும் இருக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தேன். தெருவே இல்லை. ஜன்னலுக்கு அடியில் பதுங்கிப் போனேன். கோட்டுக்குள்ளிருந்து கரடியை எடுத்து, கட்டுக்கம்பியை ஜன்னல் கிராதியில் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினேன். அது உள்ளே அப்பாவைப் பார்த்தபடி தொங்கியது.

தோளைப் பிடித்து, முகம் தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.