பால்போல் வெளுத்த தண்ணீர்

தொழிற்சாலைக் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் தொட்டிக்கு அவள்தான் பொறுப்பு. தண்ணீர் நிதானமாக உள்ளே வந்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்துவிட்டு அடித்தண்ணீரை வெளியே விடலாம். வேகமாக வந்தால் மிதக்க நேரமிருக்காது. ஆறு வருடமாக அவளுக்குத் தெரிந்த கணக்கு இவ்வளவுதான்.

அன்று காலை வெளியேறிய தண்ணீர் கலங்கலாக இருந்தது. வேகம்தான் காரணம் என்று உள்வரும் குழாயின் வால்வைக் கால்வாசி மூடினாள். அரை மணி கழித்துப் பார்த்தால் தண்ணீர் பால்போல் வெளுத்திருந்தது. பாதி மூடினாள். இன்னும் வெளுத்தது. மீட்டர் குறைவாகத்தான் காட்டியது, தொட்டியிலும் அலை இல்லை. பிறகு எண்ணெய் ஏன் பிரியவில்லை? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதிக்கும் மூக்குக்கண்ணாடிக்காரர் வந்து பார்த்துவிட்டு, மதியத்துக்குள் தெளியாவிட்டால் ஆலையையே நிறுத்த வேண்டிவரும் என்று சொல்லிப் போனார்.

தொட்டிக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப் அறையில் இருப்பது அவள் கணவனின் அக்கா. அண்ணியிடம் கேட்கலாம்தான். ஆனால் நான்கு நாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. கேட்காமல் கொள்ளாமல் தன் மகளின் முடியை அண்ணி வெட்டிவிட்டாள் என்று இவள் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள். அந்தக் கோபத்தில் பம்பில் ஏதாவது செய்கிறாளோ? சேச்சே, அப்படிப்பட்டவள் இல்லை. இல்லைதானே?

மனம் கேட்காமல் போனாள். அண்ணி நிமிரவில்லை. இவள் நடந்ததை ஒப்பித்தாள். வால்வு என்றதும் அண்ணி திரும்பினாள்.

“காலைல பம்ப்ப வேகமா ஓட்டச் சொன்னாங்க. நீ அங்க வால்வ நெரிச்சா, தண்ணி இடுக்குல பீச்சி அடிக்கும். எண்ணெய் தூள் தூளா உடைஞ்சிடும். அப்புறம் எங்க மிதக்கும்?”

“அப்ப மூடக் கூடாதா?”

“முழுசா திற. வேகத்த நான் இங்க குறைக்கறேன். மிச்சத் தண்ணி பம்ப்புக்கு முன்னாடி இருக்கற குழியில நிக்கட்டும்.”

வேகம் குறைய வால்வைத் திறப்பதா? நம்பிக்கையில்லாமலே திறந்தாள். ஒரு மணி நேரம் அப்படியே இருந்தது. பிறகு வெண்மை மெல்ல விட்டது. கண்ணாடிக்காரர் வந்து பார்த்துத் தலையாட்டினார்.

அண்ணிக்குப் போன் போட்டாள். “தெளிஞ்சிடுச்சு அண்ணி.”

“சரி,” என்று வைத்துவிட்டாள்.

அது கோபத்தில் சொன்ன சரியா, சமாதானத்தில் சொன்ன சரியா என்று பிடிபடவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு பம்ப் அறைப் பக்கம் நடந்தாள். பாதி வழியில் நின்றாள். பிறகு போனாள்.