முதலிடத்தில் ஏ.ஏ.ஏ.

விளையாட்டு வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய செய்தி: அச்சகத்து ஓய்வறையிலிருந்த அந்தக் காலத்து பில்லியர்ட்ஸ் வீடியோ கேமில் முதலிடம் பிடிக்க சூப்பர்வைசர் சபதம் எடுத்துவிட்டார்.

அங்கே ஏற்கெனவே ‘ஏ.ஏ.ஏ.’ என்ற மூன்றெழுத்து ஜம்பமாக மின்னிக்கொண்டிருந்தது. யாருடைய இனிஷியல் அது? ஊழியர் பதிவேட்டைப் புரட்டினார். இரண்டு ‘ஏ’ இனிஷியலும் ‘ஏ’யில் தொடங்கும் பெயருமாக அகப்பட்ட ஒரே ஆள் எலக்ட்ரீஷியன். அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினார். மதியச் சாப்பாட்டைத் தியாகம் செய்தார். திரையில் பந்துகளின் கோணம் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், மூன்றாவது வாரம் சாதனையை முறியடித்தே விட்டார்.

உடனே, அதே அறையில் ஃபேன் மாட்டிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்.

“என்னய்யா, உன் ரெக்கார்டு காலி!”

“என்னோடதா? நான் இதைத் தொட்டதே இல்ல சார். அங்க பாருங்க, உங்க பேரைக் கேக்குது. பத்து செகண்டுதான் இருக்கு.”

“எழுத்தை எப்படிய்யா மாத்துறது?” என்று பதறிக்கொண்டே சூப்பர்வைசர் சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டார்.

பெயர் போடத் தெரியாதவர்களுக்கெல்லாம் அந்த மெஷின் வைக்கும் பெயர் ஏ.ஏ.ஏ.