மத்தாப்பு பாட்டில்

ஐப்பசி பிறந்தாலே ஜெயஸ்ரீயைப் பயம் பிடித்துக்கொள்ளும். ஊரெல்லாம் துணிக்கடை வாசலில் முட்டி மோதிக்கொண்டிருக்க, இவள் மட்டும் தீபாவளி இந்த வருஷம் வராமலே போய்விடாதா என்று வேண்டிக்கொண்டிருப்பாள். சாமிக்கு எத்தனையோ வேலை. இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளுமா?

மகள் தமிழினிக்கு ஏழு வயது. அவளுக்குச் சத்தம் ஆகாது. ஆகாது என்றால் நமக்கெல்லாம் ஆகாத மாதிரி இல்லை. மிக்சி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுவாள். பேச்சும் குறைவுதான். ஒன்றிரண்டு சொல், அதுவும் அம்மாவிடம் மட்டும். இந்தப் பிள்ளைக்காகத்தான் பொழிச்சலூரில் இருந்த சொந்த வீட்டை விட்டுவிட்டு மாடம்பாக்கத்து ஃப்ளாட்டுக்கு வந்தார்கள். பழைய வீட்டில் தலைக்கு மேல் விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். புருஷன் குமரேசனுக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை.

"சொந்த வூட்ட வுட்டுட்டு வாடகை வூட்ல குந்திகினு கீறேன். நான் பொறந்ததே ஏரோப்ளேன் சத்தத்துலதான். எனக்கு இன்னா ஆச்சு? பழகினா எல்லாம் சரியாப் பூடும்" என்பான். பழக்குகிற வேலையை மட்டும் ஒருநாளும் அவன் கையில் எடுத்ததில்லை.

போன தீபாவளிக்கு இவர்கள் ஜன்னலுக்கு நேர் கீழே சரவெடி வைத்தார்கள். தமிழினி தொண்டை கட்டிப்போகும்வரை கத்தினாள். பிறகு பல நாள் சோற்றைத் தொடவில்லை. ஜெயஸ்ரீ அசோசியேஷன் செகரட்டரி சத்யநாராயணனிடம் போய் நின்றாள். "வெடிக்கிறதுக்கு கவர்ன்மென்ட்டே டைம் குடுத்திருக்கும்மா. அதுக்கு மேல நாம என்ன ரூல் போட முடியும்?" என்றார் அவர். அந்த மனிதரின் பேரனே கவர்ன்மென்ட் குறித்த நேரம் தாண்டித்தான் வெடி வைத்தான். அதைக் கேட்க அந்த ஃப்ளாட்டில் ஒரு ஆள் இல்லை.

கெஞ்சியும் பார்த்தாயிற்று, சண்டையும் போட்டாயிற்று. இந்த வருஷம் அவள் வேறு வழி யோசித்தாள். கீழ்க்கட்டளையில் தமிழினிக்குப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் பாட்டில் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர், கொஞ்சம் கிளிசரின், ஜிகினாத் தூள். மூடியைப் பசை போட்டு இறுக்கிக் குலுக்கிக் கொடுத்தால் ஜிகினா மெல்ல மெல்ல இறங்கும், அதைப் பார்க்கப் பார்க்கப் பிள்ளை அடங்கும். சென்சரி பாட்டில் என்று பேர். பொங்கலுக்கு மஞ்சள், சுதந்திர தினத்துக்கு மூன்று நிறம், கிறிஸ்துமஸுக்குப் பச்சையில் வெள்ளி நட்சத்திரம் என்று பண்டிகைக்கு ஒன்றாக இருவரும் சேர்ந்து செய்துகொண்டு வந்தார்கள். தீபாவளி பாட்டில் கருநீலத் தண்ணீரில் தங்க ஜிகினா. தலைகீழாகக் கவிழ்த்தால் சத்தமே இல்லாமல் ஒரு புஸ்வாணம். தமிழினி இமை பாட்டிலில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பாள்.

ஃப்ளாட் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு ஆளுக்கொரு பாட்டில் செய்ய வைத்தால் என்ன என்று தோன்றியது ஜெயஸ்ரீக்கு. வீட்டுக்குள் வந்து, முறுக்கு தின்று, தமிழினியின் முகத்தைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள் அவள் ஜன்னலுக்குக் கீழே வெடி வைக்குமா? பெரியவர்களுக்கு இல்லாத ஈரம் பிள்ளைகளுக்கு இருக்கும் என்று அவள் நம்பினாள். பாவம், அவளும் வேறு எதைத்தான் நம்புவாள்?

பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு தீபாவின் மகன் முகிலன்தான் அந்தக் கூட்டத்துக்கு நாட்டாமை. தரைத்தளத்து ஜாய்சன் வீட்டில் தீபாவளி கிடையாது. ஆனால் வெடி என்றால் முதல் ஆளாக நிற்பான். செய்தித்தாளை விரித்து, கேசரி பவுடரைக் கலக்கி, புனல் வைத்து ஊற்றி, வீடே ஜிகினாவாகிவிட்டது. யாருடைய பாட்டிலில் தங்கம் அதிகம் என்று ஒரே கூச்சல்.

தமிழினி முதலில் திரைச்சீலைக்குப் பின்னால்தான் நின்றாள். கொஞ்ச நேரத்தில் பாதி முகம் வெளியே வந்தது. அப்புறம் ஆளே வந்தாள். முகிலன் கிளிசரினை அளவுக்கு மேல் சாய்த்துவிட, அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். தன் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை சிவப்பு எடுத்து அவன் பாட்டிலில் போட்டாள். குலுக்கிக் காட்டினாள். நீலத்துக்குள் தங்கமும் சிவப்புமாகப் பொரிந்து இறங்கியது.

"டேய், செமயா இருக்குடா! எனக்கும் போடு, எனக்கும் போடு!" என்று எல்லாப் பாட்டிலும் அவளைச் சூழ்ந்துகொண்டன.

"முகிலன்" என்றாள் தமிழினி, யாரிடமும் இல்லாமல், சொல்லிப் பார்க்கிற மாதிரி.

ஜெயஸ்ரீ சமையலறைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுது முகம் கழுவி, முறுக்குத் தட்டோடு வந்து காரியத்தில் இறங்கினாள்.

"ஆளுக்கொரு பாட்டில் எடுத்துக்கோங்க. ஆன்ட்டி இன்னும் நிறைய குடுப்பேன். ஆனா தீபாவளிக்கு வெடியெல்லாம் பின்னாடி காலி மனையில போய் வெடிக்கணும். இங்க வேணாம். தமிழினி உங்க ஃப்ரெண்டுதானே?"

"ஓகே ஆன்ட்டி!" என்று ஒரே குரல். முகிலன் கையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

தீபாவளி அன்று காலைப்பொழுது நல்லபடியாகவே போயிற்று. வெடிச்சத்தம் காலி மனையிலிருந்து தள்ளித்தான் கேட்டது. காதுக்கு மாட்டும் பஞ்சுப் பட்டையோடு தமிழினி புது ஃப்ராக்கில் உட்கார்ந்து பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஜெயஸ்ரீக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஒரு தட்டு அதிகமாகவே பலகாரம் அனுப்பினாள்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு சாயங்காலம் விட்டது. விட்ட கையோடு ஜன்னலுக்குக் கீழே முதல் வெடி விழுந்தது.

ஜெயஸ்ரீ பால்கனிக்கு ஓடினாள். கார் நிறுத்துகிற இடத்தில் பிள்ளைகள் மொத்தமும் நின்றார்கள். வாட்ச்மேன் சிட்டிபாபு அண்ணாந்து பார்த்து, "பின்னால ஒரே சேறா கீதும்மா, புள்ளைங்க எப்டி போவும்?" என்றார்.

அவர்கள் நடுவில் ஒரு பாட்டில் நின்றது. முகிலனுடையது, தமிழினி சிவப்பு போட்டுக் கொடுத்தது. அதன் அடியில் ஆட்டம் பாம் வைத்துத் திரியை வெளியே நீட்டியிருந்தார்கள். பற்றவைத்துவிட்டு எல்லோரும் சிதறி ஓடினார்கள். வெடித்தது. நீலத் தண்ணீர் சுவரில் அடித்தது, ஜிகினா ஆகாயத்தில் பறந்தது. ஓவென்று கைதட்டல். அடுத்து ஜாய்சன் தன் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தான்.

"முகிலா! என்ன சொன்ன என்கிட்ட? சத்தியம் பண்ணினியே!"

முகிலன் தலையைக் குனிந்தான். கீழே நின்ற தீபாதான் பதில் சொன்னாள். "ஒரு நாள்தானே அக்கா. குழந்தைங்க. என்ன ஐடியா பாருங்க, ஜிகினா எப்படிப் பறக்குது! வீடியோ எடுத்திருக்கேன், அனுப்பறேன்."

அவளுக்குப் பக்கத்தில் குமரேசன் நின்றான். திரி கொளுத்துகிற ஊதுபத்தி அவன் கையில்தான் இருந்தது. பெண்டாட்டியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். அந்த நிமிஷம் அவளுக்கு அந்த ஃப்ளாட்டையே கொளுத்திவிடலாம் போல இருந்தது.

அடுத்த வெடியும் விழுந்தது. ஜெயஸ்ரீ உள்ளே ஓடினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். குளியலறையைத் திறந்தாள். எங்கும் பிள்ளை இல்லை. காதுப்பட்டை சோபாவில் கிடந்தது, வாசல் கதவு திறந்திருந்தது. எப்படி இறங்கினாள் என்று ஜெயஸ்ரீக்கே தெரியாது, செருப்பில்லாமல் படிகளில் பாய்ந்தாள்.

தமிழினி பிள்ளைகளுக்கு நடுவில் நின்றாள். உடம்பு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. மூத்திரம் புது ஃப்ராக்கின் முன்பக்கத்தை நனைத்து, காலில் வழிந்து தரையில் நின்றது. இரண்டு கையாலும் தன் பாட்டிலைப் பிடித்து முகிலனிடம் நீட்டினாள்.

"முகிலன்" என்றாள். "இந்தா."

"தமிழினி பாட்டிலு! தமிழினி பாட்டிலு!" என்று கூட்டம் குதித்தது. அவளையும் கையைப் பிடித்து இழுத்துத் தங்கள் பக்கம் நிறுத்திக்கொண்டது. முகிலன் பாட்டிலை வாங்கி வைத்தான். குமரேசன் ஊதுபத்தியோடு குனிந்தான். ஜெயஸ்ரீ வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் வெடித்தது.

தமிழினியின் முகம் வெளுத்து, வாய் கோணிற்று. கத்தப்போகிறாள் என்று ஜெயஸ்ரீ தாவினாள். பிள்ளை கத்தவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பல்லைக் காட்டி, அதே மாதிரி சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தியா? பழகிடுச்சு. நான் சொன்னப்ப கேட்டியா நீ?" என்றான் குமரேசன், எல்லோர் காதிலும் விழும்படி.

அவனைத் திட்ட ஜெயஸ்ரீயிடம் வார்த்தை இருந்தது, தீபாவைத் திட்டவும் இருந்தது. தன்னைத் திட்டத்தான் போதவில்லை. கையில் எதையாவது கொடுத்தால்தான் நாலு பேர் பக்கத்தில் சேர்ப்பார்கள் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உட்கார வைத்து அவள்தானே கற்றுக் கொடுத்தாள்? டீச்சர் வருஷக்கணக்கில் சொல்லியும் ஏறாத பாடம் இருக்கிறது. இது மட்டும் ஒரே நாளில் ஏறிவிட்டது.

"வா கண்ணு, மேல போலாம். துணி மாத்தணும்" என்று கையைப் பிடித்தாள். தமிழினி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னொரு பாட்டில் இருக்கா தமிழினி?" என்றான் ஜாய்சன்.

அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.

"அம்மா, இன்னொண்ணு செய்" என்றாள்.

ஜெயஸ்ரீ படியேறினாள். அழ நேரமில்லை. கீழே பிள்ளைகள் காத்திருந்தார்கள்.