கெடாத பால்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பொய் சொல்லும்போது அவர் மூக்கில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தால் அந்த ஈயும் நம்பிவிடும். உதடு நெளியாது, கண் சிமிட்டாது. தான் கேஸ் அடைத்த ஃப்ரிட்ஜ் ஒன்று அளவுக்கு மீறிக் குளிர்ந்து வீட்டையே உறைய வைத்துவிட்டதாகவும், வீட்டுக்காரர் விட்ட கொட்டாவியை அவர் வாயிலிருந்து உளியால் பெயர்த்து எடுக்க வேண்டியிருந்ததாகவும் ஒருமுறை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டு, "உளி எந்த சைஸ்?" என்றார். "முக்கால் இன்ச்" என்றார் மெக்கானிக், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. சந்தேகம் தீர்ந்தது.

அந்த மனிதரின் கதை ஒன்று செவ்வாய்க்கிழமை காலையில் அவர் வாசலுக்கே திரும்பி வந்தது.

எதிர்வீட்டுத் தையல்காரி தன் மகளைப் போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். ஐந்து வயது. குடியிருப்பு முழுக்க அவளுக்கு வாலு என்றுதான் பெயர். ஆனால் அன்றைக்கு வாலாட்டும் தெம்பு அவளிடம் இல்லை. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துவரை செக்கச்செவேலென்று தடித்திருந்தது. மாடிப்படி விளக்கின் வெளிச்சம்கூடத் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். இருமல் வேறு. பழுதான கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆக முடியாமல் திணறுமே, அந்த மாதிரி. அப்படித் திணறும் கம்ப்ரஸர்கள் கடைசியில் என்ன ஆகும் என்று மெக்கானிக்குக்குத் தெரியும்.

"தட்டம்மையாம் அண்ணே. மூச்சு வாங்குது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க" என்றாள் தையல்காரி. "பட்டாணியைப் பார்த்துக்கங்க. நாங்க ஊர்லேர்ந்து வந்து இறங்கினதும், ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு, ரெண்டும் ஒரே கட்டிலுக்கு அடியிலதான் கூடாரம் போட்டு விளையாடுச்சுங்க."

பட்டாணி மெக்கானிக்கின் மகள் வயிற்றுப் பேத்தி. நாலு வயது.

இரண்டு படி இறங்கியவள் திரும்பினாள். "ஒண்ணு மட்டும் நல்லது அண்ணே. அந்த ஊசியைப் போடாம விட்டேன். அன்னிக்கு நீங்க சொல்லலைன்னா நானும் போட்டுத் தொலைச்சிருப்பேன். அதுவும் உடம்புல இருந்திருந்தா இப்ப என்ன ஆகியிருக்குமோ!"

நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மெக்கானிக் அங்கேயே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் சொன்னது இதுதான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சுகாதார நிலையத்துத் தடுப்பூசி ஃப்ரிட்ஜைப் பழுது பார்க்கப் போயிருந்தாராம். கையோடு கொண்டுபோன பால் பாட்டிலை மருந்துக் குப்பிகளுக்கு நடுவே வைத்தாராம். அப்புறம் அந்தப் பால் கெடவே இல்லையாம். வெயிலில் வைத்தும் கெடவில்லை, புளியைப் போட்டும் திரியவில்லை, ஒரு மாதம் கழித்துக் குடித்தால் அன்று கறந்தது போல இருந்ததாம்.

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் கதை தெருவில் இறங்கி நடந்தது. மூன்றாவது வாரம் ஒருவர் அவரிடமே வந்து, பால் ஆறு மாதம் கெடவில்லை என்றார். அடுத்த வருஷம் அது ஆராய்ச்சியாகிவிட்டது. "பாலையே இறுக்கிப் பிடிக்கிற மருந்து, பச்சைப் புள்ளை ரத்தத்தை என்ன பண்ணும்?" என்ற கேள்வியும் அதனோடு ஒட்டிக்கொண்டது. வெளியூர் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பிய பிள்ளையைப் பார்க்கும் தகப்பனைப் போல மெக்கானிக் உள்ளுக்குள் பூரித்துப்போனார். மறுக்கவில்லை. பேத்தி பிறந்தபோது மகள், "நம்ம வீட்டுல ஊசி வேண்டாம்பா, நீங்க கண்ணால பார்த்ததுதானே" என்றாள். அப்போதும் மறுக்கவில்லை. மறுத்தால், ஊரெல்லாம் நம்பும் கதையைச் சொந்த வீட்டிலேயே கவிழ்த்த மாதிரி ஆகிவிடும் அல்லவா?

இப்போது அந்தக் கதை கட்டிலுக்கு அடியில் பேத்தியோடு கூடாரம் போட்டிருந்தது.

அவர் சுகாதார நிலையத்துக்கு ஓடினார். டாக்டரம்மா சின்னப் பெண். மூன்று நாள் தூங்காத முகம். வாசலில் ஒரே இருமல். அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ணினாள்.

"ஞாயிறு நாலு மணி. அப்போ நாளைக்கு, புதன் நாலு மணிக்குள்ள போட்டுடணும். அதுக்கப்புறமும் போடணும்தான், ஆனா இப்ப தொத்தியிருந்தா அதைத் தடுக்கும்னு சொல்ல முடியாது."

"நாலு மணிக்குள்ள போட்டா வராதுல்ல?"

"வராம இருக்க வாய்ப்பு அதிகம். வந்தாலும் பெரும்பாலும் லேசாப் போயிடும்."

"வராதுன்னு சொல்லுங்களேன்."

"அப்படிச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சதைத்தான் சொல்ல முடியும். ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கலாம், கை வலிக்கலாம். அதையும் சொல்லிடறேன்."

மெக்கானிக்குக்குப் பரிதாபமாக இருந்தது. இந்தப் பெண்ணுக்குக் கதை சொல்லவே வரவில்லை. எடுத்ததெல்லாம் 'ஆனா', 'பெரும்பாலும்'. அவரிடம் விட்டிருந்தால் முக்கால் இன்ச் என்று அடித்துச் சொல்லியிருப்பார். ஊர் ஏன் இவளை விட்டுத் தன்னை நம்பியது என்று முதல் தடவையாக அவருக்குப் புரிந்தது. 

"தாயார் வந்து கையெழுத்துப் போடணும்" என்றாள் டாக்டரம்மா. "தாத்தா போட்டாச் செல்லாது."

மகள் சலவை நிலையத்தில் வேலை முடித்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கப்பலில்; இந்த வாரம் போனில் கிடைக்க மாட்டார். மெக்கானிக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"அது பொய்ம்மா. பால் கதை."

மகள் மடிப்பதை நிறுத்தவில்லை. "யாரு மிரட்டினாங்க?"

"யாரும் மிரட்டலை. நானே விட்டது."

"அஞ்சு வருஷமா உண்மையா இருந்தது இன்னிக்கு எப்படிப்பா பொய்யாச்சு? சுகாதார நிலையத்துல உங்களை இனிமே ரிப்பேருக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு பயமா?"

"உன் தலை மேல அடிச்சுச் சொல்றேன்."

"போன மாசம் பறக்கிற ஐஸ் பெட்டிக்கும் என் தலையிலதானே அடிச்சீங்க?"

அடித்திருந்தார். 

"ஊசி போட்டு ஏதாவது ஆச்சுன்னா, அது நான் கையெழுத்துப் போட்டு ஆனதா இருக்கும்பா" என்றாள் மகள். இப்போதுதான் மடிப்பதை நிறுத்தினாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் பயமா இருக்கு. நாளைக்குப் பள்ளிக்கூட ஹால்ல கூட்டம் போட்டிருக்காங்க. நூறு பேர் முன்னாடி என்ன சொல்றீங்கன்னு பார்க்கிறேன்."

உள்ளே பட்டாணி தலையணைகளை அடுக்கிக்கொண்டே தும்மினாள். ஒரு தும்மல்தான். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி, அடுத்தது வருகிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

புதன்கிழமை ஒரு மணிக்குக் கூட்டம். நோய் பரவியதால் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். பக்கத்து வகுப்பறையில் நர்ஸ் ஊசிப் பெட்டியோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஹாலின் சுவர்க் கடிகாரத்துக்கு நேர் எதிரே மெக்கானிக்குக்குக் கிடைத்தது இடம்.

டாக்டரம்மா பத்து நிமிஷம் பேசினாள். அதில் ஏழு 'ஆனா'. பிறகு குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரான கண்ணாடிக்கடைக்காரர் எழுந்தார். அவருக்கு 'ஆனா' என்ற சொல்லே தெரியாது. ஒன்றேமுக்கால் ஆயிற்று, இரண்டேகால் ஆயிற்று. "படிச்சவங்க சொன்னா நம்பிடணுமா?" என்றார். "எங்க காலத்துல எல்லாருக்கும்தான் வந்துச்சு, நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?" என்றார்.

"செத்தவங்க கூட்டத்துக்கு வரலைங்க" என்றாள் டாக்டரம்மா. யாரும் சிரிக்கவில்லை.

இரண்டேமுக்காலுக்குக் கண்ணாடிக்கடைக்காரர் கையை நீட்டினார். "டாக்டர் அந்த மருந்தைப் பத்திப் புத்தகத்துல படிச்சவங்க. நம்ம மெக்கானிக் அந்தப் பெட்டிக்குள்ளயே கையை விட்டவர்! வாங்க, நீங்களே சொல்லுங்க."

கைதட்டல். மூன்றாவது வரிசையில் மகள், மடியில் பட்டாணி. மெக்கானிக் மைக்கை வாங்கினார்.

"பால் கெட்டுப்போச்சு" என்றார்.

ஹால் கொல்லென்று சிரித்தது. ஏதோ புதிதாக ஆரம்பிக்கிறார் என்று நினைத்தார்கள்.

"நிஜமா. அன்னிக்குச் சாயங்காலமே திரிஞ்சுபோச்சு. ஏன்னா, நான் அதை ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கவே இல்லை. வைக்கப் போனேன். நர்ஸ் பார்த்துட்டாங்க. தடுப்பூசி வைக்கிற இடத்துல பச்சைத் தண்ணி கூட வைக்கக் கூடாதாம். கதவைத் திறந்து திறந்து மூடினா சூடு ஏறிடுமாம். 'பெரிய மனுஷன்தானே, இது கூடத் தெரியாதா?'ன்னு கேட்டாங்க. பத்துப் பதினஞ்சு பேர் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. என் மக வயசு அந்தப் பொண்ணுக்கு. எனக்கு அவமானமா போச்சு. பட்டறைக்கு வந்து அதை எப்படிச் சொல்றது? அதனால பாலை உள்ள வச்சுட்டேன். கதையில."

"ஐயா, இது அந்தக் கதையோட ரெண்டாம் பாகமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

மெக்கானிக் மேலே பேசப் பார்த்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டக டக டக என்று ஸ்பீக்கரில். மைக் கோளாறு என்று நினைத்து ஒருவர் வயரை ஆட்டிப் பார்த்தார். வயரில் ஒன்றுமில்லை. மெக்கானிக்கின் கை நடுங்கி, விரல் மோதிரம் மைக்கில் அடித்துக்கொண்டிருந்தது. முகம் எப்போதும் போலச் சலனமில்லாமல் இருந்தது. அந்த முகத்துக்கு உண்மை சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷப் பழக்கம். அதைக் கைதான் சொல்லிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறை வாசலில் நர்ஸ் வந்து நின்றாள். "பால் ஸ்டீல் பாட்டில்ல இருந்துச்சு. திட்டினது நான்தான்" என்றாள்.

"பார்த்தீங்களா?" என்று எழுந்தார் கண்ணாடிக்கடைக்காரர். "மனுஷனை எப்படி மிரட்டி வச்சிருக்காங்க! கை எப்படி நடுங்குது பாருங்க!"

ஹால் 'ஆமாம்' என்று முனகியது.

ஆனால் மூன்றாவது வரிசையில் ஒருத்தி எழுந்துவிட்டாள். கொதிக்கும் செப்புக் குழாயை இடுக்கியில் பிடித்து ஊதுவிளக்கால் பற்றவைக்கும்போதுகூட நடுங்காத கை அவள் அப்பாவுடையது. அவள் அம்மாவைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் நடுங்கவில்லை. அதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் அந்த ஹாலில் ஒருத்திதான். பட்டாணியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை விலக்கி, பக்கத்து அறைக்குள் போனாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் தயங்கித் தயங்கிப் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள்.

பட்டாணி வீறிட்டு அழுதபோது மணி மூன்று இருபது.

அதோடு பயம் போய்விட்டதா என்றால், குடித்தனமே நடத்த ஆரம்பித்தது. மூன்று வாரம் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள் டாக்டரம்மா. மெக்கானிக் தினமும் காலையில் பேத்தியின் காதை மடக்கிப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார், கண்ணைப் பார்த்தார். நாலாம் நாள் லேசாகச் சுட்டது, மறுநாள் தணிந்தது. குடியிருப்பில் இன்னும் மூன்று வீடுகளில் இருமல் கேட்டது. பட்டறையில் யாராவது, "ஒரு கதை விடுங்களேன்" என்றால், "கம்ப்ரஸர் போயிடுச்சு" என்று அப்பால் நகர்ந்துகொண்டார்.

பதினோராம் நாள் பட்டாணி தானாகவே வந்து நின்றாள். "தாத்தா, எனக்கும் வந்துடுச்சு" என்றாள். கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளி.

செருப்பு மாட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டு இரண்டு தெரு ஓடினார். வரிசையை இடித்துக்கொண்டு உள்ளே போய், டாக்டரம்மா முன்னால் இறக்கிவிட்டார்.  டாக்டரம்மா பார்த்தாள். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தாள். பஞ்சு சிவந்தது, கழுத்து வெளுத்தது.

"ஸ்கெட்ச் பேனா" என்றாள்.

மெக்கானிக் பேத்தியைப் பார்த்தார். உதடு நெளியவில்லை, கண் சிமிட்டவில்லை. அந்த முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்ப்பவர் அவர். சிரிப்பதற்குப் பதிலாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இருபதாம் நாள் வாலு வீட்டுக்கு வந்தாள். உயிர் பிழைத்தது, இடது காது பிழைக்கவில்லை. கூப்பிட்டால் தப்பான பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் தையல்காரிக்குக் கூட்டத்தில் நடந்தது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. மாடிப்படி விளக்கின் கீழ் அவரைப் பார்த்ததும் நின்றாள்.

"அண்ணே, ஊசி போடாமயே ஒரு காது போயிடுச்சு. போட்டிருந்தா ரெண்டும் போயிருக்கும், இல்ல?"

'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தூங்கிவிடுவாள். அவர் முகம் அதற்குத் தயாராகவே இருந்தது.

"இல்லம்மா" என்றார் மெக்கானிக்.

தையல்காரி சிரித்தாள். மீதிக் கதைக்காகக் காத்திருந்தாள்.

சட்டைப் பைக்குள் கை நடுங்க ஆரம்பித்தது. அவர் அதை வெளியே எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் அவள் பார்க்கும்படி நீட்டிக்கொண்டு, "அந்தப் பாலை நான் உள்ள வைக்கவே இல்லை" என்று தொடங்கினார்.