அரண்மனைக்குப் போன இருபத்தேழு பேர்

1

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘தங்கத்தால் இழைத்த அந்த மண்டபத்தில் காலை வெயில்...’ வேண்டாம். சுவிஸ் நாட்டுப் பேர்ண் நகர மருத்துவமனைச் சமையலறையில் முப்பது வருடம் தட்டுக் கழுவியவன் நான். தங்கத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

கதை எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2018இல் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் இருபத்தேழு பேர், ஓஸ்டர்முண்டிகனிலும் துன்னிலும் இருப்பவர்கள், ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்குக்குச் சுற்றுலா போனோம். அதில் ஒரு நாள் இரண்டு அரண்மனையும் ஓர் அருங்காட்சியகமும். அன்று பின்னேரம் சந்திரமதி பேருந்துக்குள் எழுந்து நின்றார். அதுதான் கதை.*

(* சந்திரமதி என்பது உண்மைப் பெயர். மாற்றவா என்று கேட்டேன். “ஏன், நான் என்ன களவெடுத்தனானோ?” என்றார். சங்க மலருக்கு நான் கையால் எழுதிக் கொடுப்பதையெல்லாம் தட்டச்சு செய்பவரும் அவரே. என் எழுத்துப் பிழைகளுக்கு நான் அவரிடம் வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல.)

2

அரண்மனை வாசலில் சப்பாத்துக்கு மேல் போட நீல பிளாஸ்டிக் உறை தந்தார்கள். எங்கள் ஆட்கள் கோயில் பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு, உறையைக் காலில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். வழிகாட்டிப் பெண் தலையில் கை வைத்தாள்.

உள்ளே ஜெயந்தி கூரை ஓவியத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. பேர்ணில் அலுவலகங்கள் துப்புரவாக்குகிறவர். “இந்த நிலத்தை ஆர் மினுக்கிறது? எத்தினை பேர் வேலை?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

(இங்கே மகாராணிகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதி வெட்டிவிட்டேன். அது இணையத்தில் கிடைக்கும்.)

சந்திரமதியும் ஓவியம் பார்க்கவில்லை. மண்டபத்துக்கு மண்டபம் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த காவலாளிகளின் முகங்களைப் பார்த்தார். தெருவில் போனவர்களையும் பார்த்தார். அவர் சுற்றுலா வந்ததே அதற்குத்தான்.

3

1990இல் அவர் இந்த நகரத்தில் இருந்திருக்கிறார். அப்போது நகருக்கு வேறு பெயர். இலங்கையிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோவதாகச் சொன்ன ஏஜென்ட் பதினொரு பேரை ஒரே அறையில் வைத்திருந்தான். சந்திரமதிக்கு இருபத்திரண்டு வயது, அவருடைய தம்பி சுபேசனுக்குப் பத்தொன்பது. ஒரு மத்தியானம் சுபேசன் கீழே ரொட்டிக் கடையில் பாண் வாங்க இறங்கிப் போனான். அவன் போன கையோடு எங்களை ஏற்றிப்போகும் வான் வண்டி வந்துவிட்டது.

பெண்களை முதலில் ஏற்றிப் பின்கதவைச் சாத்தினார்கள். வெளியே ஏஜென்ட் அவசரமாகக் கேட்டான்: “எல்லாரும் வந்தாச்சோ?”

“ஓம்” என்றது ஓர் ஆண் குரல்.

தம்பி ஆண்களோடு முன்னால் இருக்கிறான் என்று சந்திரமதி நினைத்தார். எல்லை தாண்டி இறங்கியபோதுதான் பத்துப் பேர் என்று தெரிந்தது. அதன் பிறகு சுபேசனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

ஓம் சொன்ன அந்த ஆளுக்கு லக்ஷ்மணன் என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்தப் பாத்திரம் எனக்குச் சரிவரவில்லை. கெட்டவனாக எழுதினால் பொய்யாகிறது, நல்லவனாக எழுதினால் எனக்கே கோபம் வருகிறது. லக்ஷ்மணன் ஏன் அப்படிச் சொன்னான் என்றால், அவனுக்கு

(இந்த வசனத்தை முடிக்க முடியவில்லை.)

4

சுற்றுலாவை நடத்திய தயாபரன் தலை எண்ணுகிற ஆள் இல்லை. அருங்காட்சியகத்திலிருந்து திரும்பி எல்லாரும் ஏறியதும் முன்னால் நின்று கேட்டார்: “எல்லாரும் வந்தாச்சோ?” எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம். இப்படிக் கேட்டால் திரும்பிப் பாராமலே “ஓம்” என்பார்கள். பேருந்தே ஓம் என்றது.

சந்திரமதி எழுந்தார். “இல்லை. எண்ணுங்கோ.”

தயாபரன் எண்ணினார். இருபத்தேழு.

“திருப்பி எண்ணுங்கோ.”

திரும்பவும் இருபத்தேழு. பின்னால் யாரோ சிரித்தார்கள். சாரதி எஞ்சினைப் போட்டான். சந்திரமதி உட்கார்ந்து, பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டார்: “அண்ணை, நீங்களும் எண்ணிப் பாராமல்தானே ஓம் எண்டனீங்கள்?”

பக்கத்து இருக்கையில் இருந்தவன் நான்.

5

முடிவுகள்.

அ. ஒரு காவலாளி கதிரையை விட்டு எழுந்து “அக்கா” என்கிறான். (இதை வாசித்துவிட்டு அவர் அழுதால் யார் பொறுப்பு?)

ஆ. 1990இலேயே சுபேசன் இறந்துவிட்டதாக ஒரு காகிதம் கிடைக்கிறது. (கொல்ல எனக்கு உரிமை இல்லை.)

இ. வயதுபோன லக்ஷ்மணன் ஒருநாள் அவரிடம் வந்து உண்மையைச் சொல்கிறான். (இதை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.)

6

லக்ஷ்மணன் என்று யாரும் இல்லை. அந்த அறையில் இருந்த பதினொரு பேரில் நானும் ஒருவன். அன்று பசி எனக்கு. “தம்பி, ஒரு பாண் வாங்கிக்கொண்டு வாறியோ?” என்று சுபேசனை அனுப்பியவன் நான். ஆள் குறைந்தால் பயணம் இல்லை என்று ஏஜென்ட் சொல்லியிருந்தான். நான் பயந்தேன். சுபேசன் திரும்பி வரவில்லை என்று தெரிந்திருந்தும் ஓம் என்றேன்.

சந்திரமதி, “ஆர் அண்ணை ஓம் எண்டது?” என்று இத்தனை வருடத்தில் நீர் எத்தனை தடவை கேட்டிருப்பீர்! ஒவ்வொரு முறையும் தெரியாது என்றேன். தம்பி எங்கே என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டதே பிழை என்று நீர் உம்மையே திட்டிக்கொண்டிருந்தபோதும், உமது வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பிழை உம்முடையதல்ல. வெட்கமாக இருக்கிறது.

தட்டச்சு செய்யும்போது இந்தப் பகுதியை விட்டுவிட விரும்பினால் விட்டுவிடும். லக்ஷ்மணனே இருக்கட்டும். கிழிக்க விரும்பினால் எல்லாவற்றையும் கிழித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வழக்கம்போல வந்து உமது வீட்டு மணி அடிப்பேன். திறக்க வேண்டும் என்று இல்லை.

வாசகரே, முடிவு என்னிடம் இல்லை. இந்த ஆறாம் பகுதி அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால், அவர் அதை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு கதவைத் திறந்தாரா என்பது, இதை எழுதும் எனக்குத் தெரியாது.

குணசேகரம்
ஓஸ்டர்முண்டிகன்