மூடாத பட்டியல்

பகலவனுக்கு வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வது? சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லினக்ஸில் ஓடும் எடை நிரலை எழுதியவனே அவன்தான். ஆலைக்காரர்கள் விண்டோஸில் கேட்டார்கள். லினக்ஸ் நிரல் கேட்பதை விண்டோஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் லைப்ரரி என்கிற நிரல் தொகுப்போடு இரண்டு மாதம் மல்லுக்கட்டித் தோற்றான். புதிதாக வேலைக்கு வந்த எழில்மதி அதே லைப்ரரியைப் பிரித்து, வேண்டிய இடங்களில் திருத்தி, மூன்றே வாரத்தில் ஓடவிட்டாள். முதல் ஆலையில் ஒழுங்காக ஓடினால் இனி எல்லா ஆலைக்கும் அவள்தான் பொறுப்பு என்று நிரல் கம்பெனி முதலாளி வெங்கடேசன் சொல்லிவிட்டார்.

அவள் எழுதியதை வரிவரியாகத் துழாவினான். குறை அகப்பட்டபோது அவனுக்குப் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. ஒருவர் திறந்து வைத்திருக்கும் கோப்பின் இடத்தில் புதியதை வைக்க லினக்ஸ் விடும், விண்டோஸ் விடாது. ஒவ்வொரு எடைக்கும் வண்டிப் பட்டியல் கோப்பை நிரல் இப்படித்தான் மாற்றும்; அதற்கு அவள் வழி செய்யவில்லை. பட்டியலை மூடிமூடியே சோதித்திருந்தாள். எடைமேடையில் வேலை பார்க்கும் இருசம்மாளோ காலையில் கணினியில் வண்டிப் பட்டியலைத் திறந்தால் கடைசி வண்டி போகும்வரை மூடமாட்டார். நடுவில் மூடினால் வரத்து நின்றுவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அதே ஊர் நைனார்பாளையத்துக்காரன் பகலவனுக்கு அது தெரியும். வாயைத் திறக்கவில்லை.

முதல் நாள் காலை கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி வண்டிகள் வரிசை கட்டின. முதல் எடை பதிவாகவில்லை. மறுபடி போட்டும் பதிவாகவில்லை. எழில்மதி கணினி முன் உட்கார்ந்து தன் நிரலைத் துழாவினாள்.

"எம்மா நேரம் நிக்கிறது? கெழங்கு காஞ்சிகினு கெடக்குது, மாவுப் பாயிண்டு எறங்கிடும், வெலை போயிடும்," என்றார் மலையிலிருந்து வந்த அம்மாசி.

"இன்னா எழிலு, பகலவன் எழுதுனது ஒருநாளும் இப்டி நின்னதில்லியே," என்றார் வெங்கடேசன்.

இதற்காகத்தானே காத்திருந்தான். எடைமேடை அறை வாசலில் சாய்ந்து நின்றபடியே சொன்னான்: "இருசம்மாக்கா, அந்தப் பட்டியல மூடுங்க. இப்ப எடையப் போடுங்க."

இருசம்மாள் முணுமுணுத்துக்கொண்டே மூடினார். எடை பதிவானது.

வெங்கடேசன் அவன் தோளில் கை போட்டார். "இதான்யா அனுபவம். இனிமே எல்லா மில்லும் நீயே பாத்துக்க."

பகலவனுக்கு நெஞ்சு நிறைந்தது. எழில்மதி நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"நீங்க வாசப்படியே தாண்டலியேண்ணா. ஸ்கிரீனக்கூடப் பாக்கல," என்றாள். "எப்பத்துலேருந்து தெரியும் உங்களுக்கு?"

 பகலவனின் தோளில் இருந்த வெங்கடேசனின் கை மெல்ல இறங்கியது.